கெல்டர்லாந்தும் ஆரம்பாக்கமும்: பன்றி எருவில் நாம் இழக்கும் தழைச்சத்து

(ஆரம்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் இந்த மேசையைப் பாருங்கள். மூன்று கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன. நேற்றுக் காலை இந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னோடு வந்து நிரப்பியவை. முதல் புட்டியில் பன்றியின் சிறுநீர் மட்டும். இரண்டாவதில் சாணமும் கொஞ்சம் தண்ணீரும். மூன்றாவதில் சிறுநீரோடு ஒரு சிட்டிகை சாணம். நேற்று மூடியதை இப்போதுதான் திறக்கிறோம். நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளை ஒவ்வொரு புட்டியின் வாய்க்கு மேலும் பிடிக்கிறார் இந்த மாணவி. முதல் தாள் சிவப்பாகவே இருக்கிறது. இரண்டாவது லேசாக நிறம் மாறுகிறது. மூன்றாவது, பிடித்த கையை எடுப்பதற்குள் நீலம். முன்வரிசையில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். அந்த நெடியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த நெடி நம் கடற்கரைக்குப் புதிதன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், நமக்குத் தெற்கே எண்ணூரில், கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அங்கே ஒரே இரவில், பெரிய அளவில் வெளிவந்த அதே வாயுதான் ஒவ்வொரு பன்றிக் கொட்டிலிலிருந்தும் பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆளைக் கொல்லாது. ஆனால் நிலத்துக்குச் சேர வேண்டிய சத்தைக் காற்றில் விடுகிறது, மீதியை நம் பழவேற்காடு ஏரியில் சேர்க்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். உழவர்கள் தழைச்சத்து என்கிறார்களே, அதுதான் நைட்ரஜன். பன்றி தின்னும் தீவனத்தில் 100 பங்கு தழைச்சத்து இருந்தால் 30 முதல் 35 பங்குதான் அதன் உடம்பில் இறைச்சியாகத் தங்கும். மீதி வெளியே வந்துவிடும். வெளியே வருவதில் பாதிக்கு மேல் சிறுநீரில் இருக்கிறது, யூரியாவாக. கடையில் மூட்டையாக வாங்கி நெல்லுக்குப் போடுகிறோமே, அதே யூரியா. அது தனியாக இருக்கும்வரை அடக்கமாக இருக்கும். முதல் புட்டியில் பார்த்தீர்கள். சாணத்தில் உள்ள நுண்ணுயிர்களிடம் யூரியேஸ் என்று ஒரு நொதி உண்டு. அது பட்ட சில மணி நேரத்தில் யூரியா உடைந்து அமோனியாவாகிவிடும். கொட்டில் தரையில் சாணமும் சிறுநீரும் கலந்து மிதிபடும்போது நடப்பது மூன்றாம் புட்டியில் நடந்ததுதான்.

தீவனம் கொடுத்து வளர்க்கும் கறிப்பன்றி ஒன்று ஓராண்டில் ஏறத்தாழ 10 கிலோ தழைச்சத்தை வெளியேற்றுகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே இரண்டு பன்றிகள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மூட்டை யூரியா தருகின்றன. அதில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு வழியில் தொலைகிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

ஒப்பிடுவதற்கு நெதர்லாந்தை எடுத்துக்கொள்கிறேன். பன்றி எருவின் சிக்கலை உலகிலேயே அதிகம் அனுபவித்த நாடுகளில் அது ஒன்று. இன்னொரு காரணமும் உண்டு. நம் ஏரியின் தென்கரையில், பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கோட்டையின் பெயர் கெல்டிரியா. அதைக் கட்டிய காலத்தில் இங்கே தலைமை வகித்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். இன்று அந்தக் கெல்டர்லாந்து மாகாணத்தில் கெல்டர் பள்ளத்தாக்கு என்ற பகுதி, கோழியும் பன்றியும் கன்றும் நெருக்கியடித்து வளர்க்கும் பண்ணைகளுக்குப் பேர்போனது. அவற்றின் எருவை ஆராயும் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் அதே மாகாணத்தில்தான் இருக்கிறது.

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்கள் வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. வெடியுப்பு எங்கிருந்து வந்தது? மாட்டுத் தொழுவத்திலும் பழைய குடியிருப்புகளிலும் சிறுநீர் ஊறிய மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தார்கள். அதாவது 400 ஆண்டுகளுக்கு முன் விலங்கின் சிறுநீரில் இருந்த நைட்ரஜனுக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். இன்று அவர்களின் பன்றிப் பண்ணையாளர்கள், எருவை லாரியில் எடுத்துப்போய் ஒழிக்கக் காசு கொடுக்கிறார்கள். நம் ஊரில் ஒரு வண்டி எருவுக்கு இன்றும் விலை உண்டு. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே மற்ற எல்லாம் புரிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். நெதர்லாந்தின் பரப்பு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் சுமார் ஒரு கோடிப் பன்றிகள். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும் எண்ணியவை 90 லட்சத்துச் சொச்சம். அதிலும் 21 லட்சம் அசாமில் இருந்தன. நாம் ஒரு துணைக்கண்டத்தில் பரப்பி வைத்திருப்பதைவிட அதிகமான பன்றிகளை அவர்கள் நம் சில மாவட்டங்கள் அளவுள்ள நிலத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பன்றிக்கும் தீனி அந்த மண்ணில் விளையாது. பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து சோயா கப்பலில் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வருகிறது. சோயாவில் வந்த தழைச்சத்து எருவாகி அங்கேயே தங்கிவிடுகிறது. திரும்பிப் போகக் கப்பல் இல்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எருக்கூழைத் தொட்டியில் மூடி வைக்கிறார்கள். கொட்டிலிலிருந்து வெளியேறும் காற்றை அமிலத்தில் கழுவி அமோனியாவைப் பிடிக்கிறார்கள். மழையும் குளிருமான மாதங்களில் வயலில் எரு விடத் தடை இருக்கிறது. 1990களிலிருந்து எருவை நிலத்தின் மேலே தெளிக்கவும் கூடாது. கத்திபோன்ற கருவியால் மண்ணைக் கீறி உள்ளே விட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு எளியது, பலன் பெரியது. எருக்கூழை மேலே தெளித்தால் அதில் அமோனிய வடிவில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். உள்ளே புதைத்தால் இழப்பு அதில் சிறு பங்குதான். இவற்றாலெல்லாம் 1990இல் இருந்ததைவிடப் பாதிக்கும் குறைவாக அவர்களின் அமோனியா வெளியீடு இறங்கியிருக்கிறது.

அப்படியும் போதவில்லை. கெல்டர்லாந்திலேயே வேலுவே என்றொரு காட்டுப் பகுதி இருக்கிறது. சத்துக் குறைந்த மணல் மண். தொழிற்சாலைக் கந்தகமும் பண்ணை அமோனியாவும் காற்றில் வந்து படிந்து படிந்து அந்த மண் புளித்துப் போயிற்று. மண்ணில் இருந்த சுண்ணாம்புச்சத்து கரைந்து போனது. ஓட்டுக்குச் சுண்ணாம்பு கிடைக்காமல் நத்தைகள் குறைந்தன. முட்டையிடும் காலத்தில் நத்தை ஓட்டைத் தின்று சுண்ணாம்பு தேடிக்கொள்ளும் பட்டாணிக் குருவிகள் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. சில ஓடே இல்லாமல் வந்தன. பன்றிக் கொட்டிலுக்கும் பட்டாணிக் குருவியின் முட்டைக்கும் என்ன உறவு என்று கேட்டால், இதுதான் உறவு. சுண்ணாம்புக்குளம் என்று ஊருக்குப் பெயர் வைத்திருக்கும் பகுதியில் வாழ்கிறவர்கள் நாம். இந்த ஏரியின் அடியில் புதைந்த கிளிஞ்சலைத் தோண்டிச் சுண்ணாம்பு சுட்டவர்கள். நம் மண் அவ்வளவு எளிதில் புளிக்காது. நமக்கு வரும் ஆபத்து தண்ணீர் வழியாக வரும்.

2019 மே 29 அன்று நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பின்னால் குறைத்துக்கொள்வோம் என்ற நம்பிக்கையின்மேல் இன்றைக்குப் புதிய நைட்ரஜன் அனுமதி கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். பண்ணைகள் மட்டுமல்ல, வீடு கட்டும் திட்டங்களும் சாலைத் திட்டங்களும் ஆயிரக்கணக்கில் நின்றுபோயின. அக்டோபர் 1 அன்று உழவர்கள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு, அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்தின் சாலைகளை அடைத்தார்கள். 2020 மார்ச்சில் நெடுஞ்சாலையில் பகல் நேர வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜனையாவது குறைத்தால் நாலு வீடு கட்ட இடம் கிடைக்குமா என்று பார்க்கும் நிலைமை. அந்த உழவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பல வருடம் பன்றியைப் பெருக்கு, கொட்டிலைப் பெரிதாக்கு என்று கடன் கொடுத்து ஊக்குவித்தவர்கள், பிறகு ஒரே நாளில் நிறுத்து என்றார்கள். கணக்கைத் தொடக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

இனி நம் பக்கம். இங்கே பன்றி குறைவு. வீட்டுப் பின்புறத்தில் சோற்று மிச்சமும் தழையும் தின்று வளர்பவை, தீவனப் பன்றி அளவுக்குத் தழைச்சத்தை வெளியேற்றுவதுமில்லை. ஆனால் வெளியேற்றுவதில் எத்தனை பங்கு தொலைகிறது என்று கேட்டால், நாம் அவர்களைவிட மோசம் என்பதே என் முடிவு. காரணம் வெயில். வெப்பநிலை ஒவ்வொரு 5 டிகிரி ஏறும்போதும் அமோனியா ஆவியாகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அவர்களின் ஆண்டுச் சராசரி 10, 11 டிகிரி. நமக்கு 28க்கு மேல். அவர்கள் மாதக்கணக்கில் தொட்டியில் வைத்துக் காக்கும் சத்து நம் கொட்டில் தரையில் ஒரு சித்திரை வெயிலுக்கு நிற்காது.

போன மாதம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே ஒரு கொட்டிலுக்குப் போயிருந்தேன். எட்டுப் பன்றிகள். நடத்துகிறவர் ஓர் அம்மா, கூட அவர் மகன். நெடுஞ்சாலை ஓட்டல்களிலிருந்து மிச்சத்தை டிரம்மில் கொண்டுவந்து, விறகடுப்பில் கொதிக்க வைத்து ஊற்றுகிறார்கள். சுத்தமான உழைப்பு. பதினொரு மணிக்கு மோட்டாரைப் போட்டு ரப்பர் குழாயால் தரையைக் கழுவினார் மகன். சாம்பல் நிறத் தண்ணீர் சுவர் ஓட்டை வழியாக வெளியே வந்து, ஒரு முழ அகலக் கால்வாயில் விழுந்தது. கால்வாய் ஓரத்துப் புல் கரும்பச்சையாக, இடுப்பளவு வளர்ந்திருந்தது. பத்தடி தள்ளிப் புல் காய்ந்து கிடந்தது. தழைச்சத்து போகும் வழியைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்.

அந்த அம்மா சொன்னார்: "கழுவி விட்டுட்டா நாத்தம் போயிடும் சார்."

"நாத்தம் போகலம்மா, எடம் மாறுது" என்றேன். "இந்தத் தண்ணி எங்க போகுது?"

"கெழக்கால. ஏரிக்குத்தான்."

அவர் மகளைக் கொடுத்திருப்பது நொச்சிக்குப்பத்தில். மருமகன் அதே ஏரியில்தான் இறால் பிடிக்கிறார்.

கழுவுவதால் காற்றில் போவது கொஞ்சம் குறையும், உண்மை. ஆனால் அது தண்ணீரில் போகிறது. இந்த ஏரியோ ஆழமில்லாதது. சராசரியாக ஒரு மீட்டர் இருக்கும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் வந்து போவது நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும்வரை உள்ளே வந்த தழைச்சத்து உள்ளேயேதான் கிடக்கும். பாசி கிளம்பும். பகலில் பச்சையாக அழகாகத் தெரியும். இரவில் அதுவும் மூச்சு விடும், செத்து அழுகும். விடியற்காலையில் தண்ணீரில் உயிர்க்காற்று அடிமட்டத்துக்குப் போகும். அப்போதுதான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

இங்கே ஒரு வேதியியல் செய்தியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தண்ணீரில் கலந்த அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மீனை அதிகம் தொந்தரவு செய்யாத அமோனியம். மற்றொன்று செவுளைக் கருக்கும் கட்டற்ற அமோனியா. தண்ணீரின் அமில-கார அளவு (pH) எட்டு என்று வைத்துக்கொண்டால், 10 டிகிரிக் குளிரில் மொத்தத்தில் 100க்கு 2 பங்குதான் அந்த நச்சு வடிவில் இருக்கும். 30 டிகிரியில் ஏறத்தாழ 7 பங்கு. அதாவது டச்சுக் கால்வாயில் விழும் ஒரு வாளிக் கழுநீர் செய்யும் கேட்டைப்போல் மூன்று நான்கு மடங்கு கேட்டை அதே வாளி நம் ஏரியில் செய்யும். அவர்களுக்கு வகுத்த அளவு நமக்குப் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவர்களின் அளவு என்ன? ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைட்ரேட் விதிப்படி, பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுக்கு 170 கிலோவுக்கு மேல் எருவின் நைட்ரஜன் போகக் கூடாது. ஏக்கருக்கு 69 கிலோ. நம் கணக்கில் மூன்றேகால் மூட்டை யூரியா. பன்றிக் கணக்கில் ஏக்கருக்கு ஆறு, ஏழு. எட்டுப் பன்றி வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலமோ, அவ்வளவு நிலத்துக்கு எரு வாங்கும் உழவரோ இருந்தால் ஏரிக்கு ஒரு சொட்டும் போக வேண்டியதில்லை. எண்ணூறு பன்றிப் பண்ணை வந்தால் 120 ஏக்கர் வேண்டும். அதை யார் காட்டுவார்கள்?

இந்த எல்லை என்ற எண்ணம் ஐரோப்பாவிலிருந்து நமக்கு வர வேண்டியதில்லை. மீனவக் குப்பத்துப் பெரியவர்களே, உங்களிடம் பாடு முறை இருக்கிறது. ஒரு தலத்தில் எத்தனை வலை நிற்கலாம், எந்த நாளில் யார் முறை என்று சீட்டுப் போட்டுத் தீர்க்கிறீர்கள். கையில் வலை இருக்கிறது என்பதற்காக யாரும் நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. ஏரிக்குள் மீன் எடுப்பதற்குப் பாடு வைத்த சமூகம், ஏரிக்குள் கழிவு விடுவதற்குப் பாடு வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவை அன்றைக்கு இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

நீதிமன்றம் ஒருமுறை அந்த வேலையைச் செய்திருக்கிறது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, சில்கா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. இறால் பண்ணையின் நோயும் இதே நோய்தான். புரதம் மிகுந்த தீவனத்தைக் கொட்டுகிறோம். அதன் நைட்ரஜனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இறாலாகக் கரையேறுகிறது, மற்றதெல்லாம் தண்ணீருக்கும் சேற்றுக்கும் போகிறது. ஹேக் நகரத் தீர்ப்புக்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே வந்த தீர்ப்பு இது. அவர்களுக்குத் தீர்ப்பு வந்தது கோடிப் பன்றிகள் வந்த பிறகு. நமக்குக் காலம் இருக்கும்போதே வந்தது. இந்த வாய்ப்பை நாம் மதிக்க வேண்டும்.

அரசுகளும் பேசியிருக்கின்றன. 2019 அக்டோபரில் கொழும்பில் கூடிய நாடுகள் 2030க்குள் நைட்ரஜன் வீணாவதைப் பாதியாக்குவது என்ற அறிக்கையை ஏற்றன. அதற்கு முன் அந்த ஆண்டு மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் மன்றத்தில் நைட்ரஜன் மேலாண்மைக்கான தீர்மானத்தை முன்வைத்தது இந்தியாவே. அறிக்கை நைரோபியிலும் கொழும்பிலும் இருக்கிறது. கால்வாய் ஆரம்பாக்கத்தில் இருக்கிறது.

பன்றி வளர்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டலில் மிஞ்சும் சோற்றைக் குப்பையில் அழுகவிடாமல் இறைச்சியாக மாற்றும் அந்தத் தாயும் மகனும் ஊருக்கு நன்மை செய்கிறவர்கள். அவர்களை விரட்டினால் கழிவு வேறு வழியில் அதே கால்வாய்க்கு வரும். அவர்களிடம் நான் சொன்ன முறைகளுக்குக் காசு அதிகம் வேண்டாம். தரையைச் சரிவாகப் பூசி, சிறுநீர் உடனே ஓடி ஒரு மூடிய தொட்டியில் விழும்படி செய்வது. சாணத்தைக் காலையிலும் மாலையிலும் வாரித் தனியாகக் குவித்து, வைக்கோலோ மரத்தூளோ நெல் உமியோ கலந்து, தார்ப்பாய் போட்டு மூடுவது. இரண்டும் சேராவிட்டால் மூன்றாம் புட்டி உண்டாகாது. தொட்டி நீரைத் தண்ணீர் கலந்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு, உழுத சாலில் விட்டு மண் மூடுவது. வடகிழக்கு மாநிலங்களில் பன்றிக் கொட்டிலின் கழிவைக் கெண்டைக் குளத்துக்கு விட்டு மீன் வளர்க்கிறார்கள், ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 30, 40 பன்றி என்ற அளவில். அது கரை கட்டிய குளம், ஒருவர் பொறுப்பில் இருப்பது. பழவேற்காடு ஏரி அப்படிப்பட்ட குளமன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக மூன்று வேண்டுகோள். கொட்டில் வைத்திருப்பவர்களே, கழுவுவதற்கு முன் வாருங்கள். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி வளர்ப்புக்கு வழிகாட்டுகிறார்கள், எருவைப் பற்றியும் அங்கே போய்க் கேளுங்கள். மாணவர்களே, இந்த மூன்று புட்டிகளை உங்கள் குப்பத்துக்கு எடுத்துப்போய் அப்பாவிடமும் மாமாவிடமும் காட்டுங்கள். ஊராட்சி உறுப்பினர்களே, கால்நடைப் பண்ணைக்கோ இறால் பண்ணைக்கோ எந்த விண்ணப்பம் வந்தாலும், எத்தனை உருப்படி, அதன் எரு எந்தச் சர்வே எண்ணில் உள்ள எத்தனை ஏக்கருக்குப் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாத விண்ணப்பத்துக்கு அனுமதி இல்லை என்று வரும் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் வாங்கிக்கொள்ளலாம்.